பெலற் அடுப்புக்கு வெளிக்காற்றுக் குழாய்: உங்கள் கட்டுரையில் விடுபட்ட விடயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவை விட்டு வெளியே வீடு வாங்கிப் போகும் எம்மவருக்காக நீங்கள் வெளியிட்ட வீட்டுச் சூடாக்கல் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். எரிவாயுக் குழாய் வராத தெருக்களில் எண்ணெய்க்கும் புரோப்பேனுக்கும் காசு கொட்டும் குடும்பங்களுக்குப் பெலற் அடுப்பு நல்ல வழி என்று எழுதியிருந்தீர்கள். கதவு, யன்னல், மேற்கூரை இடுக்குகளை அடைத்துக் குளிர் உள்ளே வருவதை நிறுத்தவும் சொல்லியிருந்தீர்கள். இரண்டும் சரி. ஆனால் இரண்டையும் ஒரே வீட்டில் செய்கிறவர் மூன்றாவதாக ஒன்றையும் செய்தாக வேண்டும். அடுப்பு எரிவதற்குரிய காற்றை வீட்டுக்கு வெளியிலிருந்து நேரே அடுப்புக்குக் கொண்டுவரும் குழாய் ஒன்று போடவேண்டும். உங்கள் கட்டுரையில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் ஓஷாவாவில் இருந்துகொண்டு நீண்ட காலமாகக் காற்றுக் குழாய்த் தகர வேலை செய்கிறவன். இந்த ஒரு குழாய் இல்லாததால் வரும் கரைச்சலை எங்கள் ஆட்களின் வீடுகளிலேயே அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பெலற் அடுப்பைக் கிட்ட நின்று பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்த, கால் அங்குலத் தடிப்புள்ள சிறு துண்டுகள்தான் பெலற். 40 இறாத்தல் பைகளில் விற்கிறார்கள். அதை அடுப்பின் மேலுள்ள தொட்டியில் கொட்டிவிட்டால், உள்ளே இருக்கும் திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எரிகிண்ணத்தில் விழுத்தும். அறைக்குள் சூட்டை வீசுவதற்கு ஒரு விசிறி. புகையை இழுத்து, 3 அல்லது 4 அங்குலக் குழாய் வழியே வெளியில் தள்ளுவதற்கு இன்னொரு விசிறி. இந்த இரண்டாவது விசிறி இழுக்கிற இழுவையில்தான் எரிவதற்கான காற்றும் உள்ளே வருகிறது. அடுப்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் கிட்டத்தட்ட 2 அங்குல அகலத்தில் ஒரு குழாய் வாய் தெரியும். காற்று போகும் வாய் அதுதான். அநேக வீடுகளில் அது அறைக்குள்ளேயே திறந்தபடி கிடக்கிறது. அதாவது, நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய அதே காற்றை அடுப்பு குடித்து வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்கு வெளிக்குளிர் எங்காவது ஓர் இடுக்கால் உள்ளே வந்தே தீரும். அடுப்பு எரியும்போது கதவடியில் காலுக்குக் குளிர்கிறது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அடுப்பு இழுக்கும் காற்று ஒன்றும் பெரிய அளவல்ல. முழு வேகத்தில் எரிந்தாலும் நிமிடத்துக்கு 20 கன அடி அளவில்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, வெளிக்காற்றுக் குழாய் போட்டால் சூடாக்கும் செலவு பாதியாகக் குறையும் என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம். மிச்சம் உண்டு, ஆனால் சிறியது. உண்மையான சிக்கல் குசினியில் இருக்கிறது.

எங்கள் சமையலுக்கு நல்ல இழுவையுள்ள ஹூட் (சமையல் புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறி) வேண்டும் என்று வீட்டுக்கு வீடு நிமிடத்துக்கு 600 கன அடி, 900 கன அடி இழுப்பதாக வாங்கிப் பூட்டுகிறோம். 1,500 சதுர அடி வீடு ஒன்றை எடுங்கள். கூரை 8 அடி உயரம் என்றால் வீட்டுக்குள் இருக்கும் காற்று முழுவதும் 12,000 கன அடி. 600 கன அடி ஹூட் சொன்னபடி இழுத்தால், ஒரு கறி கொதித்து இறங்குகிற 20 நிமிடத்தில் வீட்டுக் காற்று முழுவதையும் வெளியே தள்ளிவிடும். உடுப்புக் காயவைக்கும் மெசின் இன்னொரு 150 கன அடியை எடுக்கும். குளியலறை விசிறிகள் தங்கள் பங்கை எடுக்கும். பழைய வீட்டில் இதற்கெல்லாம் ஈடாகக் காற்று எங்கிருந்தாவது வந்துவிடும். ஊரில் எங்கள் குசினியில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருக்கும், விறகடுப்புக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை. இங்கே அடைத்துப் பூசிய வீட்டில் அந்தக் காற்று வருவதற்கு வழியே இல்லை. வீட்டுக்குள் காற்றமுக்கம் வெளியைவிடக் குறைந்துபோகிறது. அப்போது குறைந்த தடையுள்ள வழி எதுவோ அதன் வழியே வீடு காற்றை இழுக்கும். பெலற் அடுப்பின் புகைக்குழாயும் அப்படி ஒரு வழிதான். கனடாவில் சூடாக்கல் வேலை செய்கிறவர்கள் 5 பஸ்கால் என்ற அளவைப் பார்த்து எச்சரிக்கையாக இருப்பார்கள். அது அரை மில்லிமீற்றர் தண்ணீரின் அமுக்கம். அவ்வளவு சிறிய வித்தியாசமே சில அடுப்புகளின் புகையை உள்ளே திருப்பப் போதும்.

லிண்ட்சிக்குப் பக்கத்தில் அக்கா குடும்பம் இருக்கிறது. எழுபதுகளில் கட்டிய ஒரு மாடி வீடு. வாங்கிய புதிதில் அவர்கள் போட்ட பெலற் அடுப்பு ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. பிறகு 2021 இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய கிறீனர் ஹோம்ஸ் உதவித்தொகை எடுத்து, யன்னல்களை மாற்றி, மேற்கூரைக்குள் தடிப்பாகப் பஞ்சு போட்டு, அத்திவாரத்துக்கு மேல் மரச்சட்ட இடுக்கெல்லாம் நுரை அடித்தார்கள். வாசல் கதவில் பெரிய விசிறி பூட்டிக் கசிவு அளக்கும் சோதனையில் நல்ல இலக்கம் வந்தது. அத்தானுக்கு நல்ல சந்தோசம். அந்த மாரியில்தான் அடுப்பு பின்னேரங்களில் தானாக நின்றுபோகத் தொடங்கியது. விற்ற கடையில் இருந்து வந்தவர் முதலில் பெலற் சரியில்லை என்றார். விலை கூடிய பெலற் வாங்கினார்கள். பிறகு அழுக்கு என்று கழற்றித் துப்பரவாக்கினார். பிறகு காற்று இழுவை போதாவிட்டால் பெலற் விழுவதை நிறுத்தும் ஆளியை மாற்றி, அதற்கும் பில் போட்டார். காற்று எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. வெளிக்காற்றுக் குழாய் பற்றி அத்தான் தானாகவே கேட்டபோது, அது விரும்பினால் போடுவது, இந்த வீட்டுக்குத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார்.

நான் போன அன்று பின்னேரம் அக்கா தாச்சியில் நெத்தலி பொரித்துக்கொண்டிருந்தா. ஹூட் முழு வேகத்தில். நான் அடுப்புக்கு முன்னால் கீழே இருந்து சுவாலையைப் பார்த்தேன். நன்றாக எரிகிற பெலற் சுவாலை குட்டையாக, வெளிர் மஞ்சளாக, துடித்துத் துடித்து நிற்கும். கிண்ணத்தில் பெலற் துள்ளும். அன்று கண்டது நீளமான, சோர்ந்த, செம்மஞ்சள் சுவாலை. நுனியில் கரி. கண்ணாடியை நக்கி நக்கி மேல் மூலைகளைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. எரியாத பெலற் கிண்ணத்தில் குவிந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அடுப்பு பீப் சத்தம் போட்டு நின்றது. ஹோலில் மெல்லிய புகை மணம். நான் எழும்பி சோபாவுக்குப் பின்னால் இருந்த யன்னலை இரண்டு விரல் அளவு திறந்துவிட்டு அடுப்பை மறுபடி மூட்டினேன். ஹூட் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. சுவாலை குட்டையாகி, வெளுத்து, நிமிர்ந்து நின்றது. “தம்பி, யன்னலைப் பூட்டடா, குளிருது” என்று குசினிக்குள் இருந்து அக்கா சத்தம் போட்டா. பூட்டினேன். சுவாலை மறுபடி தொய்ந்தது. அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினேன், திறந்தும் பூட்டியும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வாசகர்கள் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். காபன் மொனொக்சைட் என்ற, மணமில்லாத நச்சுவாயுவுக்கான அலாரம் வேலை செய்கிறதா என்று முதலில் அமத்திப் பாருங்கள். அடுப்பு நடு வேகத்தில் எரியும்போது எல்லாக் கதவு, யன்னலையும் பூட்டி, ஹூட், உடுப்பு மெசின், குளியலறை விசிறி எல்லாவற்றையும் ஓடவிட்டுச் சுவாலையைப் பாருங்கள். பிறகு பக்கத்து யன்னலைக் கொஞ்சம் திறவுங்கள். சுவாலையின் நிறமும் உயரமும் மாறினால் உங்கள் அடுப்பு காற்றுக்குத் தவிக்கிறது. இடையில் புகை மணந்தால் விசிறிகளை நிறுத்தி யன்னலைத் திறந்துவிடுங்கள், சோதனை அதோடு போதும்.

அக்கா வீட்டில் நாங்கள் செய்த வேலை பெரியதல்ல. அடுப்புக்கு நேர் பின்னால், சுவருக்குள் வயரும் நிலைச்சட்டமும் இல்லாத இடம் பார்த்துத் துளைத்தோம். அடுப்பின் காற்று வாயில் இருந்து வெளிச்சுவர் வரை உலோகக் குழாய், ஒரே ஒரு வளைவு. வெளியில் மழை படாத மூடியும் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையும். சுவரில் குழாயைச் சுற்றி இடைவெளி விடாமல் அடைத்தோம். அந்த அடுப்புக்கென்றே தயாரிப்பாளர் விற்கும் சாமான் பெட்டி இருந்தது. எல்லாம் நூற்றைம்பது டொலருக்குள் முடிந்தது. அன்று இரவு ஹூட்டை முழு வேகத்தில் விட்டுப் பார்த்தோம். சுவாலை அசையவில்லை. அதன் பிறகு அடுப்பு பின்னேரத்தில் நின்றதாக அக்கா சொல்லவில்லை.

வேலை சிறியதென்றாலும் சில இடங்களில் கவனம் பிசகக் கூடாது. பிளாஸ்டிக் குழாயோ, உடுப்பு மெசினுக்குப் பூட்டும் மெல்லிய பிளாஸ்டிக் சுருள் குழாயோ கூடாது. விசிறி நின்றுபோனால் சூடு அந்த வழியால் பின்னோக்கி வரலாம், உலோகம்தான் வேண்டும். நீளம் கூடினாலோ வளைவுகள் கூடினாலோ 2 அங்குலம் போதாது, 3 அங்குலத்துக்குப் போகவேண்டும். எலி வராது, பூச்சியும் வராது என்று நுளம்பு வலை போடுகிறார்கள். அது தூசியாலும் உறைபனியாலும் அடைத்துப்போகும். கராஜில் இருந்து காற்று எடுக்கவே கூடாது, காரின் புகையும் பெற்றோல் ஆவியும் அங்கே இருக்கின்றன. மேற்கூரைக்குள் இருந்தும் கூடாது. மாரியில் சூடான காற்று எப்போதும் மேலே ஏறப் பார்க்கும், அந்தக் குழாய் காற்றைக் கொண்டுவருவதற்குப் பதிலாக மேலே இழுக்கத் தொடங்கிவிடும். முடிந்தால் புகைக்குழாய் வெளியேறும் அதே பக்கச் சுவரில் காற்றுக் குழாயும் இருக்கட்டும். பலத்த காற்று அடிக்கும்போது இரண்டு வாயிலும் ஒரே அமுக்கம் இருக்கும், ஒன்றை ஒன்று சமன் செய்யும். ஆனால் புகை திரும்ப உள்ளே போகாதபடி இரண்டுக்கும் இடையே அடுப்பின் கைநூல் சொல்லும் தூரத்தை விடவேண்டும்.

பேஸ்மென்டில் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டும், எங்கள் ஆட்கள் பலர் அங்கேதான் வைக்கிறார்கள். அங்கே அடுப்பு நிலமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. காற்றுக் குழாய் மேலே ஏறித்தான் வெளியில் போகமுடியும். எரிகிண்ணத்தைவிட உயரத்தில் காற்று வாய் இருந்தால், கரண்ட் போய் விசிறி நிற்கும் நேரத்தில் அந்தக் குழாயே புகைக்கூடாக மாறக்கூடும். ஆகவே பேஸ்மென்டில் இதைத் தாமாகச் செய்யாமல், கைநூலில் அந்த அடுப்புக்கு என்ன அனுமதித்திருக்கிறார்கள் என்று பார்த்து, விறகு அடுப்புக்குரிய ‘வெற்’ சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, பேஸ்மென்டில் இருந்து போகும் குழாய்கள் வெளியில் நிலத்துக்குக் கிட்டவே வந்து நிற்கும். ஒரு நல்ல ஸ்நோ அடித்தால், அல்லது பாதையைத் துப்பரவாக்கியவர் ஸ்நோவை அந்தப் பக்கம் குவித்துவிட்டால், காற்று வாயும் புகை வாயும் சேர்ந்து மூடிவிடும். 

குழாய் குளிர்கிறது, வியர்த்துத் தண்ணீர் சொட்டுகிறது என்று சிலர் முறைப்பாடு சொல்கிறார்கள். உண்மைதான். வெளியில் சைபருக்குக் கீழே 20 பாகை இருக்கும்போது வீட்டுக்குள் உள்ள உலோகக் குழாயில் ஈரம் படியும். ஒரு வீட்டில் பெரியம்மா ஒருவர் குளிர் வருகிறதென்று குழாயை அடுப்பில் இருந்து கழற்றி, வாய்க்குள் பழைய துவாயைத் திணித்து வைத்திருந்தா. அவவில் பிழையில்லை, பூட்டியவர் என்னத்துக்கு என்று சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எரியாத வகைப் பஞ்சுறை சுற்றி, குழாயைக் கட்டையாக வைத்தால் வியர்வை நிற்கும்.

“எங்கட வீடு பழசு, ஓட்டை கனக்க, காற்று தானாக வரும்” என்று சொல்கிறவர்களுக்கு: இன்றைக்குச் சரி. நாளைக்கு யன்னல் மாற்றுவீர்கள், நாளன்றைக்கு நுரை அடிப்பீர்கள், அக்கா வீட்டில் நடந்ததும் அதுதான். மொபைல் ஹோம் எனப்படும் தொழிற்சாலையில் கட்டி இழுத்துவந்து வைக்கும் வீடுகளுக்கு, வெளிக்காற்று இணைப்பு இல்லாமல் பூட்டவே கூடாது என்று அடுப்பின் கைநூல்களே எழுதுகின்றன. அவை சிறிய, இறுக்கமான வீடுகள் என்பதுதான் காரணம். அடைத்துப் பூசிய எங்கள் வீடுகளும் அந்த நிலைக்குக் கிட்ட வந்துகொண்டிருக்கின்றன.

அதேநேரம் இந்தக் குழாய் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவரவில்லை. அடுப்பின் கதவு நாடாவும் தொட்டி மூடியும் தேய்ந்திருந்தால் வீட்டு அமுக்கம் அந்த வழியால் இழுக்கும், அவற்றை மாற்றவேண்டும். ஹூட்டுக்குத் தேவையான 600 கன அடியை இந்தச் சிறிய குழாய் தரப்போவதில்லை. பொரிக்கும்போது குசினி யன்னல் ஒன்றைத் திறந்து வைக்கத்தான் வேண்டும். அக்காவும் இப்போது அப்படித்தான் செய்கிறா. கரண்ட் போனால் பெலற் அடுப்பும் நின்றுவிடும். 2025 மார்ச் கடைசியில் ஒறிலியா, பீற்றர்பரோ, கவார்த்தா லேக்ஸ் பக்கம் உறைமழை அடித்து நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, பெலற் அடுப்பை மட்டும் நம்பியிருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். விசிறி நின்றபின் கிண்ணத்தில் மிஞ்சியது புகைந்துகொண்டிருக்கும். சுவரால் நேரே வெளியே போகும் புகைக்குழாயில் அந்தப் புகைக்குத் தானாக ஏறும் இழுவை கிடையாது, சில அடி நிமிர்ந்து போகும் குழாயில் உண்டு. புகை விசிறி கொஞ்ச நேரமாவது ஓடி முடிக்கும்படி சிறிய பற்றரி ஒன்றை வைப்பது நல்லது.

அலாரம் இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று சிலர் கேட்கிறார்கள். 2008 டிசெம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் காபன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். அங்கே இருந்தது அறையைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பு, அதன் புகைப்போக்கி அடைபட்டிருந்தது. அவர்களின் பெயரைச் சுமந்த சட்டம் 2013 இல் வந்து, படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் கட்டாயமானது. அந்த அலாரத்தை ஒருநாளும் கழற்றாதீர்கள். ஆனால் அது வாயு வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் கத்தும். 70 பிபிஎம் (காற்றில் பத்து இலட்சத்துக்கு 70 பங்கு) அளவு வாயு நின்றால் அலாரம் அடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் எடுக்கலாம், அதன் தரவிதியே அப்படித்தான். கைக்குழந்தையும் வயதான அம்மா அப்பாவும் இருக்கும் வீட்டில் அந்த ஒரு மணித்தியாலம் சின்ன விடயமில்லை.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். இலையுதிர் காலம் தொடங்கும்போதே, ஆட்கள் அடுப்பும் பெலற்றும் வாங்க ஓடும் நேரத்தில், இதைப்பற்றி அரைப் பக்கம் தமிழில் போடுங்கள். ஆங்கிலக் கைநூலை வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்கள்தான் பகல் முழுக்க அந்த அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அடுப்பு பூட்டுவதற்கு நகரசபையின் கட்டட அனுமதி வேண்டும், காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவிக்கவேண்டும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள், பலருக்குத் தெரியாது. கடையில் காசு கொடுக்கமுன் கேட்கவேண்டிய கேள்வியையும் பெரிய எழுத்தில் போடுங்கள்: “இந்த மொடலுக்கு வெளிக்காற்று இணைப்புச் சாமான் இருக்கிறதா, பூட்டுகிற அன்றே அதையும் சேர்த்துப் பூட்டித் தருவீர்களா?” ஏற்கனவே அடுப்பு வைத்திருப்பவர்கள் தொட்டி மூடியின் உட்புறத்திலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டால், அநேகமான அடுப்புகளுக்கு அந்தச் சாமானைத் தனியாகவும் வாங்கலாம்.

இப்படிக்கு,
தகர வேலை செய்யும் வாசகர் ஒருவர்,
ஓஷாவா, ஒன்ராறியோ